முதலில் கொம்பனி பிறக்க வேண்டும்

அப்பாவுக்குப் பிடித்த பழமொழிகள் எல்லாமே அடியைப் பற்றியவை. அடியாத மாடு படியாது என்று தம்பியையும் என்னையும் பார்த்துச் சொல்லுவார். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவான் என்று தன் களஞ்சியத்தில் வேலை செய்தவர்களைப் பற்றிச் சொல்லுவார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதை அம்மாவுக்கென்று வைத்திருந்தார். அதைச் சொல்லும்போது பெரும்பாலும் கையில் ஏதாவது இருக்கும்.

வெளியே அவரைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். மெல்பேர்னுக்கு வந்த புதிதில் இறைச்சித் தொழிற்சாலையில் கழுவித் துடைத்தவர், பிறகு உறைமீனும் அரிசிமாவும் இறக்குமதி செய்து இரண்டு களஞ்சியங்களுக்குச் சொந்தக்காரராக ஆனவர். கோயிலில் அன்னதானம் என்றால் முன்னுக்கு நிற்பார். யாரைக் கண்டாலும் கை கூப்புவார். அந்தக் கையை வீட்டுக்குக் கொண்டுவந்து வேறு அலுவலுக்குப் பாவிப்பார். எனக்கு ஒன்பது வயதில் கதிரை ஒன்றை எறிந்து என் புருவத்தைப் பிளந்தார். அந்தத் தழும்பு இருக்கும் இடத்தில் இப்போதும் மயிர் முளைப்பதில்லை.

மல்கிரேவில் எங்கள் வீடு. அது அப்பா அம்மா இருவர் பெயரிலும் இருந்தது. அன்பினால் அப்படி எழுதப்படவில்லை. வாங்கிய காலத்தில் அப்பாவின் சம்பளம் போதாதென்று வங்கி சொல்லிவிட்டது. அம்மா பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இரவு பகலாக நின்று உழைத்த சம்பளத்தையும் காட்டித்தான் கடன் கிடைத்தது. அம்மாவுக்கு இந்த உலகத்தில் சொந்தமென்று இருந்தது அந்தப் பாதி வீடு ஒன்றுதான். அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் மாநகர சபையிலிருந்து வரும் கடிதங்களில் தன் பெயர் அச்சடித்திருக்கும் உறையை மட்டும் எறியாமல் அலுமாரிக்குள் அடுக்கி வைத்திருப்பார்.

கிரான்பர்னில் இருந்த தம்பியின் மனைவி அவனை விட்டுப் போனபோதுதான் கொம்பனிக் கதை தொடங்கியது. அவன் அவளுக்கு அடித்தான். அவள் எங்கள் அம்மாவைப் போலப் பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. பொலிசுக்கு அழைத்தாள், பிறகு சட்டத்தரணியைப் பிடித்தாள். அவளுடைய சட்டத்தரணியின் கடிதம் வந்த கிழமையே அப்பா எங்களைக் கூப்பிட்டு, இனி இந்தக் குடும்பத்தில் எந்தச் சொத்தும் எவருடைய பெயரிலும் இருக்கக்கூடாது என்றார்.

இப்படிச் செய்ய வழி இருக்கிறது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். மல்கிரேவில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் பத்திரம் தயாரிப்பது என் வேலை. குடும்பத்துக்கென்று ஒரு தனியார் கொம்பனியைப் பதிவு செய்வார்கள். களஞ்சியம், வீடு எல்லாம் அந்தக் கொம்பனியின் பெயருக்கு மாறும். கொம்பனி அவற்றைத் தனக்காக அல்லாமல் குடும்பத்துக்காக வைத்திருக்கும். அதற்குத்தான் ட்ரஸ்ட் என்று பெயர். விவாகரத்துக் கேட்டு வருகிறவர்கள் அதில் கை வைப்பது கடினம். கொம்பனியின் இயக்குநர் யாரோ அவர் வைத்ததுதான் சட்டம். கடைசி வசனத்தைக் கேட்டபோது அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் வாயை மூடவில்லை. என் வேலையில் நான் கெட்டிக்காரி என்று அவர் ஒரு தடவையாவது நினைக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். நாற்பத்தாறு வயதில் வந்த ஆசை.

இயக்குநர்கள் அப்பாவும் தம்பியும். என் பெயரைப் பற்றி நான் கேட்டதற்கு, அப்பா சாப்பாட்டிலிருந்து தலை நிமிராமல் பதில் சொன்னார்.

"சீதனம் வாங்கிக்கொண்டு போனவளுக்கு முதுசத்திலை என்ன கதை? நீ சாட்சிக்கு நில்."

எனக்குச் சீதனமாகத் தந்த வீடு யாழ்ப்பாணத்தில் இருந்தது. எழுதித் தரும்போதே அதற்குக் கூரை இல்லை. கலியாணமும் நிலைக்கவில்லை, வீடும் நிலைக்கவில்லை. ஆனாலும் சீதனத்தோடு போன மகளுக்குப் பெற்றோரின் சொத்தில் பங்கில்லை என்ற ஊர்ச் சட்டம் விமானம் ஏறி எங்களோடு வந்திருந்தது. அதில் ஒரு வேடிக்கையும் இருந்தது. எனக்கு எதிலும் பங்கில்லை என்பதால்தான் நான் சாட்சிக் கையெழுத்து வைக்கத் தகுதியானவளாக ஆனேன்.

என் மேலதிகாரி ஒரு வெள்ளைக்காரச் சட்டத்தரணி. முதலில் கொம்பனி பதிவாகி அதன் இலக்கம் வரவேண்டும், அதற்குப் பிறகு எல்லோரும் அலுவலகத்துக்கு வந்து உறுதிப் பத்திரங்களில் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது அவருடைய ஒழுங்கு. அப்பாவிடம் வேறொரு ஒழுங்கு இருந்தது. மெல்பேர்ன் நேரத்துக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பார்த்து வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் நல்ல நேரம் என்று குறித்துவிட்டார். அந்த நாளை விட்டால் ஒன்றரை மாதத்துக்குத் தோதான நாள் இல்லையாம். எண்சாத்திரம் பார்த்து அவர் தெரிந்தெடுத்த கொம்பனிப் பெயரை ஏற்கெனவே யாரோ வைத்திருந்ததால் பதிவு திரும்பி வந்துவிட்டது என்று வியாழக்கிழமை சொன்னேன். பேருக்குப் பின்னால் இன்னொரு சொல்லைச் சேர்த்து மறுபடி அனுப்பு, நாள் நாள்தான் என்றார். நான் விண்ணப்பத்தை மறுபடி அனுப்பிவிட்டு, உறுதிகளை அச்சடித்து, இலக்கத்துக்கு இடம் விட்டு, மேலதிகாரிக்குத் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

வெள்ளி காலை சாமிப்படத்துக்கு முன்னால் உறுதிகளின் நான்கு மூலையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தாகிவிட்டது. அப்பா கையெழுத்து வைத்தார். தம்பி வைத்தான். திகதியை அப்பாவே தன் பேனையால் எழுதினார். அம்மா குசினியில் நின்றார். தன் பாதி வீட்டைக் கொம்பனிக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லும் தாளை நான் அவருக்கு முன்னால் நீட்டினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் சத்தம் போடவில்லை. போய், அம்மாவின் இடது கையைப் பின்பக்கமாகவே பிடித்து மேல்நோக்கித் திருகினார். அம்மா குனிந்தார்; நெற்றி குசினி மேடையின் விளிம்பில் இடித்தது. இன்னும் திருகினார். காய்ந்த முருங்கைக் கொப்பை முறிக்கிற சத்தம் கேட்டது. தம்பி வாசலில் நின்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். தாள் நழுவாமல் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா வலது கையால் கோணலாகக் கையெழுத்து வைத்தார். அதற்குக் கீழே, என் முன்னிலையில் சுயவிருப்பத்துடன் ஒப்பமிட்டார் என்ற வரிக்குக் கீழே, நான் என் பெயரை எழுதினேன். அப்போது எட்டு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

ஆசுபத்திரியில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று வைத்தியரிடம் ஆங்கிலத்தில் சொன்னவளும் நான்தான். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. முழங்கை வரைக்கும் பிளாஸ்டர்க் கட்டுப் போட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் நான் வானொலியைப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில், வீட்டை மாற்றும் விண்ணப்பத்துக்காகக் கோப்பைத் திறந்தேன். கொம்பனியின் பதிவுச் சான்றிதழ் முந்தின நாள் வந்திருந்தது. அதில் திங்கட்கிழமைத் திகதி. உறுதியில் அப்பாவின் கையெழுத்தில் வெள்ளிக்கிழமைத் திகதி. ஆயிரம் உறுதிகளைப் பார்த்த என் கண்ணுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அம்மா தன் வீட்டைக் கொடுத்த நேரத்தில் அதை வாங்குவதற்கு அப்படியொரு கொம்பனி உலகத்திலேயே இருக்கவில்லை. பிள்ளை பிறக்குமுன் பேர் வைத்த கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர் பிறக்காத பிள்ளைக்குக் காணி எழுதி வாங்கியிருக்கிறார். நல்ல நேரத்தில்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அது அடங்கிய பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் பேசாமல் விண்ணப்பத்தை அனுப்பினால், எவரும் கிளறாதவரை வீடு கொம்பனியின் பெயருக்குப் போய்விடும். அம்மாவுக்குப் பாதி வீடும் போகும், ஆனால் அதற்காக இனி அடி விழாது. நான் பிழையைச் சொன்னால் வீடு தப்பும். ஆனால் அப்பாவுக்கு அந்தக் கையெழுத்து மறுபடி வேண்டும். அதை அவர் எப்படி வாங்குவார் என்று எனக்குத் தெரியும். மத்தியானம் வரை கோப்பைத் திறந்தும் மூடியும் கொண்டிருந்தேன். பிறகு எழுந்துபோய் மேலதிகாரியிடம் சொன்னேன். அம்மாவைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று சொல்ல விருப்பம். உண்மை அதுவல்ல. அந்த மனிதன் தோற்கவேண்டும் என்று எனக்கு இருந்தது.

உறுதிகளை வீட்டுக்குக் கொண்டுபோனதற்கு மேலதிகாரி என்னைக் கடிந்துகொண்டார். பிறகு அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும் என்றும், அவருடைய மனைவி தனியாக, வேறொரு சட்டத்தரணியிடம் போய், விளங்கிக்கொண்டு கையெழுத்து வைத்தால்தான் தன்னால் ஏற்க முடியும் என்றும் மரியாதையாகச் சொன்னார். அரைமணி நேரத்தில் அப்பாவின் வான் அலுவலகத்துக்கு முன்னால் வந்து நின்றது.

வெளியே வரச் சொல்லிக் கூப்பிட்டார். போனேன். கண்ணாடிச் சுவருக்கு உள்ளே என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"வேணுமெண்டுதானே செய்தனி?"

பதில் சொல்ல விடவில்லை. கன்னத்தில் விழுந்த முதல் அறையில் மூக்குக்கண்ணாடி பறந்தது. இரண்டாவதில் காது அடைத்துக்கொண்டது. என் தலைமயிரைப் பிடித்து வானின் கதவோடு இடித்தார். எழுபது தாண்டிய மனிதனுக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ தெரியாது. என் கையில் அந்தக் கோப்பு இருந்தது, இரும்பு வளையம் போட்ட கனத்த கோப்பு. அதன் முதுகால் அவர் வாயில் அடித்தேன். அவர் பிடியை விட்டார். மறுபடி அடித்தேன். விழுந்தபிறகும் ஒன்று அடித்தேன். தாள்கள் கார்பார்க் முழுக்கப் பறந்தன. அப்பாவின் வாயிலிருந்து இரத்தம் சட்டையில் வடிந்தது, அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். எனக்கு அது பிடித்திருந்தது. இதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். வாழ்நாளில் அப்படியொரு நிம்மதியை நான் அனுபவித்ததில்லை.

யாரோ பொலிசைக் கூப்பிட்டிருந்தார்கள். படி தடக்கி விழுந்ததாக அப்பா சொன்னார். ஓம், விழுந்தவர் என்று நானும் சொன்னேன். குடும்பமாக நாங்கள் சேர்ந்து செய்யக்கூடிய ஒரே காரியம் அது. மேலதிகாரி எனக்கு இரண்டு கிழமை விடுப்புத் தந்தார். திரும்பி வருவதைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்.

அப்பா உடைந்த பல்லோடு கிரான்பர்னுக்குத் தம்பி வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, நான் மல்கிரேவுக்குப் போய் அம்மாவை ஏற்றிக்கொண்டு டண்டினோங்கில் இருக்கும் என் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தேன். அம்மா மறுக்கவில்லை. ஒரு பையில் உடுப்பும், மற்றப் பையில் மாநகர சபைக் கடிதங்களும் எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை பின்னேரம் தம்பி வந்தான். கதவைத் திறக்கவில்லை என்றதும் கீழே இறங்கி, கார்ச் சில்லுக் கழற்றும் இரும்பால் என் காரின் முன்கண்ணாடியை அடித்து நொறுக்கினான். ஒவ்வொரு அடிக்கும் ஆங்கிலத்தில் ஒரு கெட்ட வார்த்தை. அம்மா யன்னலில் நின்று கடைசி வரைக்கும் பார்த்தார். பார்த்துவிட்டு, சின்னனிலை இவன் நல்லாய்ப் பாடுவான் என்று சொன்னார். நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

அந்த இரண்டு கிழமையில்தான் எனக்கு யோசனை வந்தது. வீடு இருவருக்கும் கூட்டாக இருக்கிறது. அம்மா முதலில் கண்ணை மூடினால் முழுவதும் அப்பாவுக்குப் போகும், அவருக்குப் பிறகு தம்பிக்கு. அம்மாவின் பாதியை இப்போதே பிரித்துப் பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டும். பாதுகாப்பான இடம் எது? ஒரு கொம்பனி. அப்பாவால் செய்ய முடியுமென்றால் என்னால் அதைவிடத் திறமாகச் செய்ய முடியும். பதிவுக்கு நானே விண்ணப்பித்தேன். இலக்கம் வரும்வரை ஒரு தாளையும் அச்சடிக்கவில்லை. சான்றிதழ் வந்து மூன்று நாள் கழித்தே உறுதியை எழுதினேன். இயக்குநர் நான் ஒருத்திதான். வேறு யாரை நம்புவது? அம்மா இருக்கும் வரைக்கும் அவருக்காக, அவருக்குப் பிறகு என் விருப்பப்படி என்று எழுதினேன். கூரையில்லாத சீதனத்துக்குப் பிறகு இதுவாவது நியாயம் என்று எனக்குப் பட்டது. அம்மா தனியாக வேறொரு சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும் என்று மேலதிகாரி சொன்னது என் உறுதிக்கும் பொருந்தும் என்பது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. தள்ளிவிட்டேன். உறுதியில் ஒரு எழுத்துப் பிழைகூட இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு சாப்பிட்டு முடிய மேசையைத் துடைத்துவிட்டு, உறுதியை அம்மாவுக்கு முன்னால் விரித்தேன். சாட்சிக்கு முன்வீட்டு அன்ரியைப் பிறகு கூப்பிடலாம் என்றிருந்தேன். ஒரு பக்கம் ஒரு பக்கமாகத் தமிழில் விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டார். எல்லாம் முடிந்தபிறகு, வீடு ஆற்றை பேரிலை போகும் என்று கேட்டார். கொம்பனியின் பேரில் என்றேன். கொம்பனி ஆற்றை என்றார். என்னுடையதுதான், ஆனால் உங்களுக்காக என்றேன்.

"கொப்பரும் உப்பிடித்தான் சொன்னவர்," என்றார் அம்மா.

என்னை அந்த மனிதனோடு சேர்த்துச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. அவருக்காக நான் அடி வாங்கியிருக்கிறேன், வேலை போகும் நிலையில் நிற்கிறேன், கீழே கண்ணாடியில்லாத கார் நிற்கிறது. இதையெல்லாம் உரத்துச் சொன்னேன். நீங்கள் என்ன நினைச்சுக்கொண்டிருக்கிறியள் என்று கத்தினேன். அம்மா தாளைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பப் போனார். நான் அவரைப் பிடித்து இருத்தினேன். எதைப் பிடித்தேன் என்று அந்த நேரம் தெரியவில்லை. கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடது கை விரல்கள். அவற்றைப் பிடித்து மேசைக்கு இழுத்து அழுத்தினேன். மற்றக் கையால் பேனையை அவருடைய வலது கைக்குள் திணித்தேன்.

அம்மாவின் முகம் மாறவில்லை. வலியில் கண் நிறைந்தது, அவ்வளவுதான். பேனையைச் சரியாகப் பிடித்துக்கொண்டு தாளைக் குனிந்து பார்த்தார்.

"எங்கை வைக்கோணும், பிள்ளை?" என்றார்.

நான் கையை எடுத்தேன். அவருடைய விரல்களில் என் விரல்களின் வெள்ளைத் தடம் கிடந்தது, மெல்ல மெல்லச் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன், மன்னிப்பாகக்கூட இருந்திருக்கலாம். அம்மா பேனையை மூடி மேசையில் வைத்தார். தன்னை மல்கிரேவுக்குக் கொண்டுபோய் விடச் சொன்னார். அங்கே அப்பா திரும்பி வந்திருக்கிறார், இப்போது முன்னையைவிட மோசமாக அடிப்பார் என்றேன்.

"அடிக்கிற ஆளை எனக்குத் தெரியும். என்ரை வீட்டிலை இருந்து வாங்குவன்," என்றார் அம்மா. பிறகு, "உன்னைத்தான் எனக்குத் தெரியேல்லை," என்றார்.

உறுதி கையெழுத்து இல்லாமல் மேசையிலேயே கிடந்தது. அப்பாவின் கொம்பனிக்கும் அந்த வீடு கிடைக்கவில்லை, என்னுடையதற்கும் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அது இருவர் பெயரில்தான் இருக்கிறது. என் கொம்பனியை நான் பிறகு மூடிவிட்டேன்.

அம்மா இரண்டு பைகளையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டார். எங்கள் அடுக்குமாடியின் படிகள் ஒடுக்கமானவை, மின்தூக்கியும் கிடையாது. முதல் படியில் நான் கை நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, கட்டுப் போட்ட கையைச் சுவரில் ஊன்றி, ஒவ்வொரு படியாகத் தானே இறங்கினார்.